உங்கள் சுவரில் உட்கார்ந்திருந்தது காட்டுப் பட்டுப்பூச்சி

ஏற்காட்டில் கொட்டச்சேடு பக்கம் காபித் தோட்டத்தில் வீடு வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜூன் மாதம் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் வாசல் விளக்குக்குக் கீழே கையகலத்துக்கு ஒரு பழுப்பு நிறப் பூச்சி உட்கார்ந்திருந்தது. நான்கு இறக்கையிலும் கண்ணாடி வைத்த மாதிரி வட்டம். தலையில் குட்டி இறகு போல இரண்டு. இரண்டு நாள் அசையவே இல்லை. சர்க்கரைத் தண்ணீர் வைத்தும் தொடவில்லை. மூன்றாம் நாள் காணோம். இது என்ன பூச்சி? எங்கிருந்து வந்தது? காபிச் செடிக்குக் கெடுதலா? அதன் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று பாட்டி சொல்கிறார், உண்மையா?"

நீங்கள் பார்த்தது டசர் பட்டுப்பூச்சி. நம் ஊர்த் துணிக்கடைகளில் 'டஸ்ஸர் சில்க்' என்று விற்கிறார்களே, அந்தப் பட்டு நூலைத் தரும் இனம். அறிவியல் பெயர் ஆன்தீரியா பாஃபியா. பழைய நூல்களிலும் பட்டு வளர்ப்புத் துறையிலும் ஆன்தீரியா மைலிட்டா என்ற பெயர்தான் அதிகம் புழங்குகிறது. இரண்டு பெயரையும் பார்த்து இரண்டு பூச்சி என்று குழம்ப வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வந்தது ஆண்.

படம் இல்லாமலே இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் அந்தக் கண்ணாடி வட்டம்தான். பட்டாம்பூச்சி, விட்டில் எல்லாவற்றின் இறக்கையிலும் ஓட்டு வீட்டுக் கூரை போல நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். நிறம் முழுக்க அந்தச் செதில்களில்தான் இருக்கிறது. டசர் பூச்சியின் ஒவ்வொரு இறக்கைக்கும் நடுவில் ஒரு சிறு வட்டத்தில் மட்டும் செதிலே கிடையாது. வெறும் சவ்வு. அதன் வழியாகப் பின்னால் இருக்கும் சுவர் தெரியும். வட்டத்தைச் சுற்றி மஞ்சள், கறுப்பு, இளஞ்சிவப்பு என்று மெல்லிய வளையங்கள். முன் இறக்கையின் மேல் விளிம்பு சாம்பல் நிறமாக இருக்கும். மற்ற பகுதி செங்கல் பழுப்போ, காவி கலந்த பழுப்போ, மஞ்சளோ எதுவாகவும் இருக்கலாம். இந்த இனத்தில் நிறத்தை நம்பிப் பெயர் சொல்ல முடியாது. ஆண்கள் பெரும்பாலும் சிவந்த பழுப்பு. பெண்கள் மஞ்சளாகவோ சாம்பலாகவோ இருக்கும். நீங்கள் பழுப்பு என்றதும், தலையில் இறகு என்றதும் ஆணுக்குப் பொருந்துகிறது. அந்த 'இறகு' அதன் உணர்கொம்பு. பெண்ணுக்கும் உண்டு, ஆனால் ஒல்லியாக இருக்கும். ஆணுக்குத்தான் அகலமாக, சீப்பின் பல்லைப் போல இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

சேர்வராயன் மலையில் இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வேறு சில பூச்சிகளும் இருக்கின்றன. அடுத்த முறை பார்க்கும்போது பயன்படும் என்பதால் சொல்கிறேன். வீட்டுக்குள் அடிக்கடி வந்து மூலையில் ஒட்டிக்கொள்ளும் கரும்பழுப்புப் பூச்சி ஒன்று உண்டு. முன் இறக்கையில் மட்டும் ஆந்தைக் கண் மாதிரி பெரிய புள்ளி இருக்கும். அது எரிபஸ் வகை. அந்தக் கண்ணில் கண்ணாடி இருக்காது, வெறும் நிறம்தான். உணர்கொம்பும் நூல் மாதிரி இருக்கும். அதற்கு வாய் உண்டு, பழச்சாறு குடிக்கும். அதைவிடப் பெரியது அட்லஸ். தென்னிந்திய மலைகளில் இருப்பது அட்டாகஸ் தப்ரோபானிஸ் என்ற இனம். அதற்கும் கண்ணாடி உண்டு, ஆனால் முக்கோணமாக இருக்கும். முன் இறக்கையின் நுனி பாம்புத் தலை போல வளைந்திருக்கும். வட்டமா முக்கோணமா என்று பார்த்தாலே போதும், பிரித்துவிடலாம். முந்திரி, மா மரங்களில் கூட்டமாக வளரும் கிரிகுலா என்ற பழுப்புப் பூச்சிக்கும் கண்ணாடிப் புள்ளிகள் உண்டு. அது டசர் பூச்சியைவிட மிகவும் சிறியது. டசர் பூச்சியோ இறக்கை விரித்தால் 15 முதல் 18 சென்டிமீட்டர் வரை வரும்.

சரி, இப்போது பாட்டியின் பயத்துக்கு வருகிறேன். பூச்சியைத் தொட்டால் கையில் ஒட்டும் தூள் அந்தச் செதில்கள்தான். அதில் விஷம் கிடையாது. கண்ணில் விழுந்தால் எந்தத் தூள் விழுந்தாலும் உறுத்துவது போல உறுத்தும், தண்ணீரில் கழுவினால் போதும். பார்வை போகாது. ஆனால் பாட்டி தொடாதே என்று சொன்னது பூச்சிக்கு நல்லதுதான். செதில் உதிர்ந்தால் மறுபடி முளைக்காது. கொட்டும் பூச்சிகளும் மலையில் இருப்பதால் இப்படிப் பொதுவாக ஒரு எச்சரிக்கை வந்திருக்கலாம். முருங்கை மரத்தில் படை படையாக ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பளிப்பூச்சி உடம்பில் பட்டால் தடித்துவிடும். அது யூப்டெரோட் என்ற வேறு வகை. டசர் புழுவின் மேல் அங்கங்கே நாலைந்து முடி நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கையில் ஏற விடலாம், ஒன்றும் செய்யாது.

காபிச் செடிக்கும் கெடுதல் இல்லை. காபியின் எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அது வண்டு இனம், உங்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். டசர் புழு தேடுவது மருத மரக் குடும்பத்தை: ஓடையோரம் நிற்கும் நீர்மருது, காட்டில் முதலைத் தோல் போலப் பட்டை வெடித்திருக்கும் கருமருது. இலந்தையும் அதற்கு மிகவும் பிடிக்கும். நாவலிலும் வளரும். தெருவில் நிழலுக்கு வைக்கும் நாட்டு வாதுமையும் மருதக் குடும்பம்தான்.

பூச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் இந்த மரங்களில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது காடு எப்படி மாறுகிறது என்று கவனித்துப் பாருங்கள். அடிவாரத்தில் முட்புதர், இலந்தை, வேலமரம். அதற்கு மேலே கோடையில் இலை கொட்டும் காடு. மேலே 1,500 மீட்டர் உயரத்தில் ஊரைச் சுற்றிக் காபித் தோட்டம். டசர் பூச்சிக்குச் சொந்த வீடு நடுவில் இருக்கும் அந்த இலையுதிர் காடும் அதன் ஓடைகளும்தான். குப்பனூர் வழியாகக் கொட்டச்சேடு ஏறும் பாதையும் அந்தக் காட்டுக்குள்தான் போகிறது. அதனால் உங்கள் வாசலுக்கு அது வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நான் இந்தப் பூச்சியை முதலில் தெரிந்துகொண்டது அந்தப் பாதையில்தான். தாரமங்கலம் பக்கம் எங்கள் வீட்டில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்த்தோம். சந்திரிகை என்ற மூங்கில் தட்டில் வெள்ளை வெள்ளையாகக் கூடு கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு மாசி மாதம் குப்பனூர் பாதையோரம் இலையெல்லாம் கொட்டிப்போன மரத்தில் ஒரு காய் மட்டும் தனியாகத் தொங்கியது. சாம்பல் நிறம், கோழி முட்டையில் முக்கால் அளவு. எட்டிப் பறிக்கப் பார்த்தால் வரவில்லை. காம்பு கம்பி மாதிரி இறுகிக் கிளையைச் சுற்றி வளையம் போட்டிருந்தது. காம்போடு சேர்த்து ஒடித்துக் காதருகே ஆட்டினேன். உள்ளே கனமாக ஏதோ புரண்டது. அப்போதுதான் அது கூடு என்று புரிந்தது. வீட்டில் நாங்கள் வளர்த்த மல்பெரிக் கூட்டை விரலால் அமுக்கினால் உள்வாங்கும். இதுவோ கல் மாதிரி இருந்தது. பட்டு இழைகளோடு கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பையும் கலந்து புழு அந்தச் சுவரைக் கட்டுகிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் காம்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பூச்சியின் வாழ்க்கையே அதில் தொங்குகிறது. புழு கூடு கட்டத் தொடங்கும்போது முதலில் இரண்டு மூன்று இலைகளை இழுத்துச் சேர்த்து மறைவு செய்துகொள்ளும். அப்புறம் கூட்டைக் கட்டாமல், வெளியே வந்து கிளையைச் சுற்றிப் பட்டாலேயே ஒரு வளையம் பின்னும். வளையத்திலிருந்து கீழே காம்பு. அதற்குப் பிறகுதான் கூடு. எதற்கு இவ்வளவு வேலை? மருதும் இலந்தையும் கோடையில் இலையை உதிர்த்துவிடும். இலையில் மட்டும் ஒட்டியிருந்தால் கூடும் இலையோடு தரைக்கு வந்துவிடும். தரையில் எலியும் எறும்பும் காட்டுத்தீயும் காத்திருக்கும். வளையம் கிளையைப் பிடித்திருப்பதால் இலை போனாலும் கூடு போகாது.

நான் கொண்டுவந்த கூட்டை அடிவாரத்தில் இருந்த நண்பர் வீட்டுத் தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். மாசி போனது, பங்குனி போனது. ஒன்றும் நடக்கவில்லை. செத்துவிட்டது என்று நண்பர் சொன்னார். வைகாசியில் இடியோடு இரண்டு நாள் மழை பெய்தது. அடுத்த சில நாட்களில் ஒரு மாலை, காம்பு சேரும் இடத்தில் கூடு நனைந்த மாதிரி கறுத்தது. உள்ளே இருக்கும் பூச்சி வாயருகே ஒரு திரவத்தைச் சுரக்கிறது. அதில் இருக்கும் கொக்கூனேஸ் என்ற நொதி, இழைகளை ஒட்டவைத்திருக்கும் பசையைக் கரைக்கிறது. இழை அறுவதில்லை, நெகிழ்ந்து வழி விடுகிறது. அரை மணி நேரம் முட்டி மோதி வெளியே வந்தது ஈரமான, கசங்கிய ஒரு உருண்டை. கூட்டையே பிடித்துத் தொங்கியபடி இறக்கைகளுக்குள் உடல் நீரைச் செலுத்தியது. எங்கள் கண் முன்னாலேயே துவைத்துப் போட்ட துணி விரிவது போல விரிந்தது. மஞ்சள் நிறப் பெண்.

அன்றிரவு அது பறக்கவே இல்லை. வயிற்றின் நுனியை வெளியே நீட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. நாங்கள் சோர்ந்துவிட்டது என்று நினைத்தோம். உண்மையில் அது கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நம் மூக்குக்குத் தெரியாத ஒரு வாசனையைக் காற்றில் விடும். ஆணின் அகலமான உணர்கொம்பு அதற்குத்தான். தொலைவிலிருந்தே அந்த வாசனையின் சுவடைப் பிடித்து எதிர்காற்றில் பறந்து வரும். இரண்டாம் நாள் காலையில் தாழ்வாரத்தில் ஒரு செங்கல் நிற ஆண் அதனோடு சேர்ந்திருந்தது. அந்தத் தெருவில் அதுவரை யாரும் அப்படி ஒரு பூச்சியைப் பார்த்ததில்லை. மலைச்சரிவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு வந்ததும் இப்படி ஒரு தேடலில் கிளம்பிய ஆணாகத்தான் இருக்கும். வழியில் வாசல் விளக்கு அதைத் திருப்பிவிட்டது. சர்க்கரைத் தண்ணீரைத் தொடாததற்குக் காரணம், அதற்கு வாயே கிடையாது. வாய் உறுப்புகள் வளராமல் நின்றுவிடும். புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்புதான் மொத்தச் சாப்பாடும். அது தீர்ந்தால் வாழ்க்கை முடிந்தது. ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அதில் இரண்டு நாள் உங்கள் சுவரில் போய்விட்டது என்பதை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. மழை தொடங்கும் வாரங்களில் வாசல் விளக்கை இரவு பத்து மணிக்குமேல் அணைத்துவிடுங்கள். தோட்டத்தில் காவலுக்கு விளக்கு வேண்டும் என்றால் மங்கலான மஞ்சள் விளக்காகப் போட்டு, வெளிச்சம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

பெண் 150 முதல் 250 முட்டை வரை இடும். முட்டை மிளகைவிடச் சற்றுச் சிறியது, தட்டை, அதன் நடுவே பழுப்பாக இரண்டு கோடுகள் ஓடும். எட்டு பத்து நாளில் பொரிந்துவிடும். வெளியே வரும் புழு கறுத்த தலையோடு அரை அங்குலம்கூட இருக்காது. தன் முட்டை ஓட்டைக் கடித்துத் தின்றுவிட்டு இலைக்குப் போகும். அங்கிருந்து ஒரு மாதத்துக்கு மேல், குளிர் அதிகமாக இருந்தால் இரண்டு மாதம் வரை ஒரே வேலைதான்: தின்பதும் தோலுரிப்பதும். நான்கு முறை தோல் உரிக்கும். மல்பெரிப் புழுவுக்கும் நான்குதான். முதல் தோலுரிப்புக்குப் பிறகு பச்சையாகிவிடும். கடைசிப் பருவத்தில் 12 சென்டிமீட்டர் வரை நீண்டு, ஆண்பிள்ளையின் கட்டைவிரலைவிடத் தடிமனாக இருக்கும். பக்கவாட்டில் வெள்ளி உருகி விழுந்தது போல மின்னும் புள்ளிகள். இவ்வளவு பெரிய உடம்பு, ஆனாலும் இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கும்போது கண்ணுக்குத் தெரியாது. நான் புழுவைத் தேடும்போது மேலே பார்ப்பதில்லை, தரையைத்தான் பார்ப்பேன். மிளகை வரி வரியாகச் செதுக்கிய மாதிரி பெரிய எச்சங்கள் விழுந்து கிடந்தால் நேர் மேலே அது இருக்கும்.

எல்லாப் புழுவும் கூடு வரை போவதில்லை. போவது கொஞ்சம்தான். முசுறு எறும்பு, குளவி, பறவைகள் இவற்றோடு ஊஜி ஈயும் இருக்கிறது. பட்டுப்புழு வளர்க்கும் சேலத்துக்காரர்களுக்கு ஊஜி என்றாலே வயிறு கலங்கும். காட்டுப் புழுவுக்கும் அதன் உறவுக்கார ஈ ஒன்று எமனாக வருகிறது. புழுவின் மேல் முட்டையிட்டு உள்ளிருந்தே தின்றுவிடும்.

தப்பித்துக் கூடு கட்டியவை இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. மழைக்காலத்தின் நடுவில் கட்டிய கூட்டிலிருந்து மூன்று நான்கு வாரத்தில் பூச்சி வந்துவிடும், அடுத்த தலைமுறை தொடங்கிவிடும். மழை முடியும் நேரத்தில் கட்டியவை அப்படி வராது. உள்ளே கூட்டுப்புழு வளர்ச்சியை நிறுத்திவிட்டுப் பனி, கோடை இரண்டையும் தூங்கியே கடக்கும். பொழுது நீள்வதும் வெயிலும் ஈரமும் சேர்ந்து அதை எழுப்புகின்றன. நண்பர் செத்துவிட்டது என்று சொன்னது இந்தத் தூக்கத்தைத்தான். ஆண்டுக்கு எத்தனை தலைமுறை என்பது உயரத்தையும் மழையையும் பொறுத்து ஒன்றிலிருந்து மூன்று வரை மாறும். நான் இந்த மலையில் அதிகம் பார்த்தது வைகாசி, ஆனி மாதங்களிலும், பிறகு புரட்டாசி, ஐப்பசியிலும்.

சேலத்துக்காரன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல ஆசை. தமிழ்நாட்டின் பட்டு வளர்ச்சித் துறைக்குத் தலைமை அலுவலகமே சேலத்தில்தான். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இவ்வளவு பட்டோடு புழங்கும் நமக்கு, மேலே மலையில் பட்டு நூற்கும் இன்னொரு பூச்சி இருப்பது தெரியாமலே போய்விட்டது. மல்பெரிப் பூச்சி மனிதன் வளர்த்து வளர்த்துப் பறக்கவே மறந்த பூச்சி. டசர் அப்படி அடங்கவில்லை. இன்றும் ஜார்கண்டிலும் சத்தீஸ்கரிலும் பழங்குடி மக்கள் அதைத் திறந்த வெளியில் மரத்தின் மேலேயே வளர்த்துக் காவல் காக்கிறார்கள். அந்தப் பட்டின் செம்பழுப்பு சாயத்தால் வந்ததில்லை, இயல்பான நிறமே அதுதான். நம் மலையில் அந்தத் தொழில் இல்லை. தொழில் வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. மரம் இருந்தால் போதும்.

காபித் தோட்டக்காரரான உங்களிடம் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நிழலுக்கும் மிளகுக் கொடிக்கும் சில்வர் ஓக் வேகமாக வளர்கிறது, விலையும் கிடைக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது ஆஸ்திரேலிய மரம், இந்தப் புழுவுக்கு அதில் சாப்பாடு இல்லை. பழைய நிழல் மரங்களை வெட்டி முழுக்க அதையே வைத்த தோட்டத்தில் விளக்கு எரிந்தாலும் இந்தப் பூச்சி வருவது அரிது. உங்கள் எல்லையில் ஓடை இருந்தால் அதன் கரையில் நான்கு நீர்மருது நட்டு வையுங்கள். கரையும் நிற்கும், மிளகும் ஏறும். புழு தின்று மருது பட்டுப்போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். காட்டில் ஒரு மரத்தில் இரண்டு மூன்று புழுவைப் பார்ப்பதே பெரிது.

ஒருவேளை அடுத்த முறை பெண் பூச்சி வந்து சுவரிலோ திரைச்சீலையிலோ முட்டையிட்டுவிட்டால் துடைத்துப் போட்டுவிடாதீர்கள். திரைச்சீலை என்றால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடலாம். சுவர் என்றால் ஈரத்துணியால் லேசாக நனைத்து, ஒரு பழைய அட்டையால் மெதுவாகச் சுரண்டி எடுத்து, காகிதத்தில் பரப்பிக் காற்றோட்டமான டப்பாவில் வையுங்கள். வெயிலும் எறும்பும் படக்கூடாது. பத்து பன்னிரண்டு நாள் பாருங்கள். ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும். அவை பொரியாமல் குழிந்து காய்ந்துவிடும். பொரிந்தால் அன்றைக்கே ஒரு சின்னத் தூரிகையால் எடுத்து இலந்தையின் அல்லது மருதின் இளம் இலையில் விட்டுவிடுங்கள். டப்பாவில் வைத்து வளர்க்கப் பார்க்காதீர்கள். இலை வாடினால் தின்னாது, ஈரம் கூடினால் நோய் வந்து கறுத்துச் செத்துவிடும். நானே முதல் முறை இருபது புழுவை அப்படி இழந்தேன்.

தை, மாசியில் இலை கொட்டிய பிறகு குப்பனூர் பாதையில் இறங்கும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி மேலே அண்ணாந்து பாருங்கள். வெறும் கிளையில் சாம்பல் நிறக் காய் ஒன்று தனியாகத் தொங்கினால் அது இதுதான். காம்புப் பக்கம் ஓட்டை இருந்தால் பூச்சி போய்விட்டது, எடுத்துக்கொண்டு போய் வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஓட்டை இல்லையென்றால் உள்ளே ஆள் இருக்கிறது. அதைக் கிளையிலேயே விட்டுவிட்டு, அந்த மரத்தை மட்டும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். வைகாசி மழைக்கு அப்புறம் மறுபடி போய்ப் பாருங்கள்.